வாத்துப் படம் போட்ட பொன்னாடை

இந்தத் துண்டைப் பாத்துத்தானே சிரிக்கீங்க? பரவாயில்ல, சிரிங்க தம்பி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய திருநீறு, இம்புட்டு லட்சணமா ஏறி வந்த மனுசன், தோள்ல மஞ்சள் வாத்துப் படம் போட்ட பிள்ளைத் துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? கண்டக்டரும் சிரிச்சான். ஆனா இது துண்டு இல்ல, பொன்னாடை. முறைப்படி எனக்குப் போத்துனது. கதையைச் சொன்னா சிரிக்க மாட்டீங்க.

நீங்க எங்க இறங்கணும்? ஆலங்குளமா? அப்போ நேரம் கிடக்கு. ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடுங்க, காத்து பேச்சை அடிச்சுக்கிட்டுப் போயிரும். நான் தென்காசி போறேன். ஒரு கூட்டம். நம்ம பேச்சு இருக்கு.

என் பேரு ஆவுடையப்பன். 'சொற்கொண்டல்' ஆவுடையப்பன்னு பட்டிமன்ற நோட்டீஸ்ல பாத்திருப்பீங்க. பாக்கலையா? சரி, நோட்டீஸை இப்போ யாரு முழுசாப் படிக்கா. நடுவர் பேரு மேல பெருசா இருக்கும். நம்ம பேரு கடைசியில, பந்தல்காரர் பேருக்கு மேல இருக்கும். பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்குனவன். மத்த வாத்தியார்லாம் பிரம்பைத் தூக்கிக்கிட்டு அலைவாவ. நான் வாயைத் திறந்தா போதும், கடைசி பெஞ்சு வரைக்கும் கப்சிப்னு அடங்கிரும். அதுலயும் சாப்பாட்டு மணி முடிஞ்ச முதல் பீரியடுல என் வகுப்பைப் பாக்கணுமே! ஹெட்மாஸ்டரே வந்து வாசல்ல நின்னு பாத்துட்டு, அடிமேல் அடி வச்சுத் திரும்பிப் போவாரு.

பட்டிமன்றத்துலயும் அதே கதைதான். மத்தவன் பேசுனா கைதட்டு, விசிலு. எனக்குக் கைதட்டு கிடையாது. ஏன்னு கேளுங்க. கை தட்டுதவனுக்கு மனசு வெளிய நிக்குதுன்னு அர்த்தம். என் பேச்சுல மனசு உள்ள போயிரும். சபையே தலையைத் தொங்கப் போட்டு யோசிக்க ஆரம்பிச்சிரும். ஒரு கோயில் கொடை விழாவுல, மைக் செட்டுக்காரரு என் பேச்சுல அப்பிடியே லயிச்சுப் போயி, மைக்கு 'கூ'ன்னு கத்துனது கூட அவருக்குக் காதுல விழல. பக்கத்துல நின்னவன் போட்டு உலுக்குன பொறவுதான் அந்த மனுசன் இந்த உலகத்துக்கே வந்தாரு.

எங்க நடுவர் வள்ளிநாயகத்துக்கு இதுல பொறாமை. வேற என்ன? "வே ஆவுடையப்பன், இன்னொரு மட்டம் இப்பிடி ஆச்சுன்னா உம்மை நான் அணியில வச்சுக்கிட முடியாது, பாத்துக்கிடும்"னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு. எனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. அடுத்த கூட்டம் தென்காசியில ஒரு காலேஜுல, முத்தமிழ் விழா. தலைப்பு என்னன்னா, 'இல்லறம் இனிக்கப் பெரிதும் துணை செய்வது பேச்சா, மௌனமா?' எனக்குப் 'பேச்சே'ங்கிற அணி. விடுவேனா? அந்த மேடையில காட்டிரணும், வள்ளிநாயகம் எந்திரிச்சு வந்து கட்டிப் பிடிக்கணும்னு நினைச்சேன். அந்த ஒரு மேடை போச்சுன்னா அப்புறம் நான் யாரு? கரண்டு பில்லு கட்டப் போற கிழவன். அவ்வளவுதான்.

ஆனா ஒத்திகை பாக்கணும்லா? எங்க பாக்க? வீட்டுல பிள்ளை.

பாளையங்கோட்டையில மாடி வீடு. மவன் மஸ்கட்ல இருக்கான். வீட்டுல நான், மருமவ வடிவு, பேத்தி. பேத்திக்கு நான் வச்ச பேரு பொற்றாமரைச்செல்வி. பெத்தவங்க வச்ச பேரு நியா. என்ன பேரு அது? கூப்பிட வாயைத் திறக்கும் முன்ன முடிஞ்சு போகுது. சவத்தை விடுங்க, நமக்கென்ன.

அந்தப் பிள்ளைக்கு அப்போ அஞ்சு மாசம். ராத்திரி தங்கமா ஒறங்கும், குறை சொல்லப்பிடாது. பகல்ல மட்டும் கண்ணு மூடாது. ஒறக்கம் வரும், கண்ணைக் கசக்கும், காதைப் பிடிச்சு இழுக்கும், கொட்டாவி விடும், ஆனா ஒறங்க மாட்டா! எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, வயிறு முட்டப் பால் குடுத்து, சேலைத் தொட்டில்ல ஸ்பிரிங் மாட்டி ஆட்டிப் பாத்தாச்சு. தோள்ல கிடக்கும்போது ஒறங்குத மாதிரி இருக்கும். முதுகு தொட்டில் துணியில பட்டுச்சோ இல்லையோ, கண்ணு ரெண்டும் பல்பு மாதிரி எரியும். வடிவோட அம்மா போன்லயே ஒவ்வொண்ணாச் சொல்லுவாவ. திருஷ்டி சுத்திப் போடு, மிளகாயைக் கொளுத்து. கொளுத்துனோம். எனக்குத்தான் தும்மலு. அந்தத் தும்மல்ல பிள்ளை அழுதுட்டு. வடிவு என்னைப் பாத்தா ஒரு பார்வை! கொலைக்கேசுல மாட்டுன மாதிரி ஆயிட்டு எனக்கு.

அன்னையில இருந்து வீட்டுல ஊரடங்கு உத்தரவு. குக்கர் வைக்கக் கூடாது, விசில் அடிக்கும். காலிங் பெல்லு மேல பிளாஸ்திரி ஒட்டியாச்சு. நான் பேப்பர் படிக்கலாம், ஆனா பக்கத்தைத் திருப்பக் கூடாது. முதல் பக்கத்தையே எத்தனை மட்டம் படிப்பான் மனுசன்? அப்பளம் பொரிக்கலாம், கடிக்கக் கூடாது. நம்ப மாட்டீங்க, அப்பளத்தை ரசத்துல நனைச்சு, துணி மாதிரி ஆக்கித் தின்னேன். அப்பளத்துக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். "மாமா, பேசாதீங்க"ன்னாளே, அதைத்தான் தாங்க முடியல. காப்பி வேணும்னா கையைக் காட்டணும். மொட்டை மாடிக்குப் போயி ஒத்திகை பாத்தேன், வெயிலு மண்டையைப் பிளக்கு. குளிக்கிற ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்கிட்டுப் பேசிப் பாத்தேன். "மாமா, டேங்க்ல தண்ணி தீர்ந்துட்டு"ன்னு கதவுல தட்டுதா. கதவைத் தட்டுனா மட்டும் பிள்ளை முழிக்காதாம்!

கேக்கீங்களா தம்பி? தலையாட்டுதீங்க, நல்லது. சில பேரு பஸ்ல பேச்சுக் குடுத்தா செல்போனை எடுத்துருவானுவ. உங்க முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், ரசனை உள்ள ஆளு.

ஆனா வடிவையும் குத்தம் சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க. கல்யாணத்துக்கு முன்ன கணக்குப் பாக்குத வேலையில இருந்தவ. நல்ல மூளை. சென்னையில ஒரு கம்பெனி, வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பாக்குத வேலை, அடுத்த புதன்கிழமை ரெண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாவே பேசிப் பாத்து ஆளு எடுக்கப் போறாங்கன்னு தகவல் வந்துச்சு. அவுக கேட்டது ஒரே ஒரு கேள்விதானாம். 'கைக்குழந்தை இருக்கே, பகல்ல வேலை பாக்க முடியுமா?' இவ 'முடியும்'னுட்டா. எப்பிடி முடியும்? அன்னைக்கு அவரைக்காய் நறுக்கிக்கிட்டே சொன்னா: "மாமா, பிள்ளைன்னா எனக்கு உசிருதான். ஆனா நாள் பூரா அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போயிரும். இந்த வேலை எனக்கு வேணும் மாமா." சொல்லும்போதே கண்ணுல தண்ணி ஊத்துது. நறுக்குனது வெங்காயம் இல்ல, அவரைக்காய். அதனால அது நெசமான அழுகைதான்.

அதுக்கு மறுநாள்தான் அது நடந்துச்சு. கேஸ் சிலிண்டர்காரரு கீழ நின்னு கூப்பிடுதாரு. பெல்லுலதான் பிளாஸ்திரியாச்சே. வடிவு பிள்ளையை என் கையில திணிச்சு, "மாமா, சிலிண்டரை வாங்கிட்டு ஓடி வந்துருதேன். பேசாம வச்சுக்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் படியிறங்கிட்டா.

பேசாம வச்சுக்கிட என்னால முடியுமா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருன்னா இருப்பேன். பிள்ளை என் முகத்தைப் பாக்கு. நான் அதைப் பாக்கேன். எதிர்ல ஒரு முகம் இருந்தா என் நாக்கு நிக்காது தம்பி, அது என் பிறவிக் குணம். பைய ஆரம்பிச்சேன். "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அவையோரே! நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் என் இனிய நண்பர்களே!"ன்னேன். பிள்ளை அப்பிடியே உத்துப் பாத்துச்சு. என் வாயையே பாத்துச்சு. சபையில ஒருத்தன் என் முகத்தை அப்பிடிப் பாத்து எத்தனையோ வருசம் ஆயிட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. "பேச்சு என்றால் என்ன? பேச்சு எத்தனை வகைப்படும்? அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்"னு வகையைச் சொல்லத் தொடங்கினேன். முன்னுரையே இன்னும் முடியல. பிள்ளை தலையை என் தோள்ல சாச்சுச்சு. கண்ணு பைய மூடுச்சு. அஞ்சு மாசப் பிள்ளை, கண்ணை மூடிச் சிந்திக்க ஆரம்பிச்சுட்டுன்னா பாத்துக்கிடுங்க!

சிந்தனை முத்திப் போயி அப்பிடியே ஒறங்கிட்டு. அது வேற விசயம். பிள்ளைதானே, எவ்வளவு கருத்தைத்தான் தாங்கும்?

திரும்பிப் பாக்கேன், வடிவு வாசல்ல நிக்கா. சிலிண்டர்காரரு சிலிண்டரைத் தோள்ல வச்சுக்கிட்டே அவ பின்னால நிக்காரு. ரெண்டு பேரும் அசையல. வடிவு சேலைத் தலைப்பை வாயில வச்சு அழுத்திக்கிட்டு நிக்கா, தோள் ரெண்டும் குலுங்குது, கண்ணுல தண்ணி. என் பேச்சு அவளை அப்பிடி உருக்கிட்டு. பைய பக்கத்துல வந்து, "மாமா... இதை நாளைக்கும் பேசுவீங்களா?"ன்னு கேட்டா.

இத்தனை வருசத்துல என்கிட்ட யாரும் அப்பிடிக் கேட்டது கிடையாது தம்பி. எந்தக் கூட்டத்துலயும் 'இன்னும் பேசுங்க'ன்னு ஒருத்தன் சொன்னது கிடையாது. 'நேரம் ஆயிட்டு'ன்னு சீட்டுத்தான் வரும்.

அப்புறம் என்ன, தினமும் கூட்டந்தான். பிள்ளையைக் குளிப்பாட்டித் தொட்டில்ல போட்டதும், "மாமா, வாங்க"ன்னு கூப்பிடுவா. நான் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நிப்பேன். சட்டை போடாம மேடை ஏற மாட்டேன். தொட்டில் கயித்தை ஒரு கையில பிடிச்சுக்கிட்டே "அவையோரே"ம்பேன். பேச்சைப் பத்தி அவளும் நல்ல யோசனை சொல்லுவா. ஒரு நாள் நடுவுல ஒரு நகைச்சுவையைச் சேத்தேன், குரலைக் கொஞ்சம் உசத்துனேன். பிள்ளை கண்ணைத் திறந்துட்டு. "மாமா, நகைச்சுவை வேண்டாம். அந்த வகை பிரிச்சுச் சொல்லுவீங்கல்லா, அதையே சொல்லுங்க. ஏத்த இறக்கமும் வேண்டாம். மேடையில எப்பிடிப் பேசுவீங்களோ அப்பிடியே பேசுங்க"ன்னா. என்ன நுட்பம் பாத்தீங்களா! வள்ளிநாயகத்துக்கு இந்த அறிவு உண்டா?

வடிவும் செவுத்துல சாஞ்சு உக்காந்து கேப்பா. பாதி உரிச்ச பூண்டு கையிலயே இருக்கும், கண்ணு மூடியிருக்கும். கீழ் வீட்டு ஜெபமணி டீச்சர் ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாவ. சும்மா நின்னு கேட்டாவ, அப்புறம் உக்காந்து கேட்டாவ, சாயங்காலம் கன்னத்துல பாய்த் தடத்தோட எந்திரிச்சுப் போனாவ. மறுநாள் கறிவேப்பிலை தேவைப்படாமலே வந்தாவ. எனக்கு அதுல ஒரு பெருமை.

பிள்ளை பகல்ல ஒறங்க ஆரம்பிச்சதும் வீடே மாறிட்டு. வடிவு முகத்துல ஒரு தெளிவு. குக்கர் வச்சா. அப்பளத்தைக் கடிக்க விட்டா. புதன்கிழமைக்குச் சேலை எடுத்து வச்சா, அஞ்சாறு மட்டம் கம்ப்யூட்டரைத் திறந்து தன் மூஞ்சியைத் தானே பாத்துக்கிட்டா.

செவ்வாய்க்கிழமை வள்ளிநாயகம் போன் பண்ணுதாரு. "வே, காலேஜுல நேரத்தை மாத்திட்டாவ. நாளைக்கே. மத்தியானம் ரெண்டு மணி. நேரத்துக்கு வந்து சேரும்."

புதன், ரெண்டு மணி. ரெண்டும் ஒரே நேரம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

வடிவுகிட்டச் சொன்னேன். "போய்ட்டு வாங்க மாமா. உங்களுக்கு எம்புட்டு முக்கியம்னு எனக்குத் தெரியாதா? நான் எப்பிடியாவது சமாளிச்சுக்கிடுதேன்"னா. சொல்லிட்டு உள் ரூமுக்குள்ள போயிட்டா. போயி எடுத்து வச்ச சேலையை மடிச்சுப் பீரோவுக்குள்ள வைக்கா. பீரோக் கதவு சாத்துத சத்தம் எனக்குக் கேட்டுது. கத்தியிருந்தா கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இப்பிடி நல்லவளா இருந்தா நான் என்ன செய்ய?

பட்டு ஜிப்பாவை எடுத்துக் கட்டில்ல விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்து யோசிச்சேன். அங்க ஒரு காலேஜே உக்காந்திருக்கும். இங்க ஒரே ஒருத்தி, அதுவும் பல்லு முளைக்காதவ. ஆனா அந்தக் கூட்டம் நான் எப்போ முடிப்பேன்னு காத்துக்கிட்டிருக்கும். இவ நான் எப்போ ஆரம்பிப்பேன்னு காத்துக்கிட்டிருப்பா. அந்த நினைப்பு வந்ததும் ஜிப்பாவை மடிச்சு வச்சுட்டேன்.

வள்ளிநாயகத்துக்குப் போன் போட்டேன். "என்னால வர முடியாது. வேற ஆளைப் போட்டுக்கிடும். இனிமே நான் அணியில இல்லேன்னாலும் சரி"ன்னேன். "நெசமாவா வே?"ன்னாரு. குரல் தழுதழுத்துட்டு. "நெசந்தான்"னேன். "முருகா! நீ இருக்கப்பா!"ன்னாரு. அந்த வருத்தத்துலயும் எனக்காகச் சாமியைக் கூப்பிடுதாரு பாருங்க, பெரிய மனுசந்தான். பின்னால யாரோ கைதட்டுத சத்தம் கேட்டுச்சு. டிவியா இருக்கும்.

சீதபற்பநல்லூர் தாண்டிட்டு. கண்ணை மூடிக்கிட்டீங்க. மூடிக்கிடுங்க, மூடிக்கிடுங்க. அப்பத்தான் பேச்சு நல்லா உள்ள இறங்கும்.

புதன்கிழமை. வடிவு சேலையைக் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டா, உள் ரூம்ல. நான் கூடத்துல தொட்டில்கிட்ட. எந்த மேடையிலயும் பயப்படாதவன் அன்னைக்குப் பயந்துட்டேன். "அவையோரே"ன்னேன். பிள்ளை பாத்துச்சு. வகை பிரிச்சேன். ஒறங்கிட்டு. உள்ள யாரோ இங்கிலீசுல கேக்காவ, இவ டக்டக்குன்னு பதில் சொல்லுதா. என் மருமவளா இதுன்னு இருந்துச்சு எனக்கு. கொஞ்ச நேரத்துல அவ எந்திரிச்சு வந்து ரூம் கதவைச் சாத்துனா. அப்புறமாச் சொன்னா, அந்தப் பக்கம் கேள்வி கேட்ட மூணு பேருல ஒருத்தரு கொட்டாவி விட ஆரம்பிச்சுட்டாராம். சென்னையில மனுசனுக்கு என்ன வேலைப் பளுவோ, பாவம்.

நான் பேச்சை முடிச்சுட்டேன். நன்றி, வணக்கமும் சொல்லியாச்சு. உள்ள கேள்வி முடியல. பிள்ளை காலை உதறுச்சு. முகத்தைச் சுளிச்சுச்சு. முதல் சிணுங்கல் வந்துட்டு. ஐயையோ, போச்சேன்னு எனக்கு வேர்த்துக் கொட்டிட்டு. பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீத்தாச்சே! அப்போதான் ஒரு யோசனை வந்துச்சு. எதிரணி இருக்குல்லா! 'மௌனமே'ங்கிற கட்சிக்கும் நானே பேசுவோம்னு திரும்ப "அவையோரே"ன்னுட்டேன்.

ஆனா மௌனத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும் தம்பி? நான் வாயை மூடி இருந்தவனா? ஒண்ணுமே வரல. அப்போ எங்க வீட்டம்மா பகவதி ஞாபகம் வந்தா. அவதான் மௌனம். நாலு வார்த்தை நான் பேசுனா அவ ஒரு 'ம்' சொல்லுவா. கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தா. வலின்னா அம்புட்டு வலி. மாத்திரைக்கும் கண்ணு மூடாது, ஊசிக்கும் மூடாது. மத்தியானம் பூரா மேல ஃபேனையே பாத்துக்கிட்டுக் கிடப்பா. "என்னங்க, ஏதாவது பேசுங்களேன்"ம்பா. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு, எந்தக் கூட்டத்துல என்ன பேசுனேனோ அதை எடுத்து விடுவேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பா. முகத்துல இருந்த சுருக்கமெல்லாம் பைய விட்டுரும். நிறுத்துனா முழிச்சிருவா. "ஏன் நிறுத்திட்டீங்க?"ம்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேச்சை அவ அம்புட்டு ஆசையாக் கேட்டது அப்போதான்.

கடைசி நாளும் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். எந்த இடத்துல அவ கேக்குறதை நிறுத்துனாங்குறது எனக்குத் தெரியாது. நர்ஸம்மா வந்து என் தோளைத் தொட்டாவ. அப்பவும் எனக்கு ஒரு வாக்கியம் பாக்கி இருந்துச்சு. அதை முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன்.

இதையெல்லாம் தொட்டில்கிட்ட நின்னு சொன்னேன். ஆனா அழ முடியாது. அழுதா குரல் மாறும், குரல் மாறுனா பிள்ளை எந்திரிச்சிரும், உள்ள வடிவு வேலை போயிரும். அதனால ஒரே குரல்ல, ஏத்த இறக்கம் இல்லாம, வகை பிரிச்சுச் சொல்லுத மாதிரியே பகவதியைச் சொன்னேன். பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டுட்டு, விரலை வாயில போட்டுக்கிட்டு மறுபடியும் ஒறங்குச்சு.

ரெண்டு அணியும் பேசியாச்சு, இனி தீர்ப்புத்தான்னு நான் தொண்டையைச் செருமுதேன், கதவு திறக்கு. வடிவு வாரா. வாயே திறக்காம ரெண்டு கட்டை விரலையும் உசத்திக் காட்டுதா. வேலை கிடைச்சுட்டு! சத்தம் போட்டுச் சிரிக்கவும் முடியாது, பிள்ளை ஒறங்குது. ரெண்டு பேரும் ஊமையா நின்னு சிரிக்கோம். அவளுக்கு என்ன தோணுச்சோ, கொடியில கிடந்த பிள்ளைத் துண்டை உருவி, ரெண்டு கையாலயும் விரிச்சு, தலையைக் குனிஞ்சு, என் தோளைச் சுத்திப் போத்துனா. "பொன்னாடை மாமா"ன்னு காதுல சொன்னா. அதுதான் இது. துவைச்சுத் துவைச்சு ஒரு வாத்துக்கு மூக்குப் போயிட்டு. நோட்டீஸ்ல பந்தல்காரருக்கு மேல பேரு வந்த காலத்துல ஒரு பய எனக்குப் பொன்னாடை போத்துனது கிடையாது.

அதுக்கப்புறம் நம்ம பேச்சுக்கு வந்த மவுசைக் கேளுங்க. வடிவு என் பேச்சைச் செல்போன்ல பதிஞ்சு, பிள்ளை வச்சிருக்குத சேக்காளிமாருக்கெல்லாம் அனுப்பிட்டா. அவளுவ மத்தவளுவளுக்கு அனுப்பிட்டாளுவ. இப்போ பாளையங்கோட்டையில மத்தியானம் ஆனா வீட்டுக்கு வீடு நம்ம குரல்தான். ரோட்டுல ஒரு பொண்ணு வண்டியை நிறுத்தி, "ஐயா, நீங்கதானா அது? உங்க பேச்சு இல்லேன்னா எங்க வீட்டுல மத்தியானமே கிடையாது"ங்கா. கையெடுத்துக் கும்பிடுதா! தமிழ் செத்துட்டுன்னு சொல்லுதான்லா ஒவ்வொருத்தன், அவனைக் கூட்டிட்டு வந்து காட்டணும். வள்ளிநாயகம் கூடப் போன வாரம் போன் பண்ணுனாரு. அவருக்குப் பேரன் பிறந்திருக்கானாம். "வே, அந்தப் பேச்சை எனக்கும் கொஞ்சம் அனுப்பும்"ங்காரு. எப்பிடி இருக்கு பாத்தீங்களா! கடைசியில வழிக்கு வந்தாருல்லா?

இப்போ தென்காசிக்கு எதுக்குப் போறேன்னு நினைக்கீங்க? சனிக்கிழமை, வடிவுக்கு லீவு, அவ பிள்ளையைப் பாத்துக்கிடுவா. தென்காசியில ஒரு பிள்ளைகள் காப்பகம் நடத்துத அம்மா, வாரா வாரம் வந்து பேசணும்னு ஒத்தக் கால்ல நிக்காவ. சபை நிறையப் பிள்ளைக. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் நம்ம சொற்பொழிவு. "மைக் வேண்டாம் ஐயா, உங்க குரலே போதும். தலைப்பு எதுவா இருந்தாலும் சரி"ன்னுட்டாவ. போன வாரம் முதல் வரிசையில ஒரு பய மட்டும் சேட்டை பண்ணிக்கிட்டு இருந்தான். நான் மூணாவது வகைக்கு வாரதுக்குள்ள அவனும் சிந்தனையில விழுந்துட்டான்.

தம்பி... தம்பி? தலை சாயுது. சாயட்டும், சாயட்டும். என் தோள்லயே வச்சுக்கிடுங்க. துண்டு துவைச்சதுதான், இந்த வாத்து மேல வச்சுக்கிடுங்க.

என்ன, ஆலங்குளமா? ஏ கண்டக்டர் தம்பி, எதுக்கு இப்பிடித் தொண்டை கிழியக் கத்துதீரு? பைய, பைய. முழிச்சிருவா... கவனம் கலைஞ்சிரும்லா அவருக்கு! ஆமா, ஆலங்குளம்தான் இறங்கணும்னாரு. இப்போ எங்க இறங்குவாரு? பேச்சைப் பாதியில விட்டுட்டுப் போக மனசு வருமா? நீரு விசிலை அடியும். பாவூர்சத்திரம் வரைக்கும் டிக்கெட்டுக் குடும், நான் வாங்கிக்கிடுதேன்.

இருங்க தம்பி, இருங்க. நான் நிறுத்தல. அந்தத் தீர்ப்பு பாக்கி கிடக்குல்லா, அன்னைக்குச் சொல்லாம விட்டது, அதையும் உங்களுக்குச் சொல்லி முடிச்சிருதேன். பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அவையோரே...